மலையை வெட்டிய சிவப்புப் பேனா

நான்கு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும். மணி மூன்று ஐம்பது. பிழைதிருத்துபவர் சிவப்புப் பேனாவைக் கத்திபோலப் பிடித்து ஒரு மலையை வெட்டிக்கொண்டிருந்தார்.

'கோபித்துக்கொண்டு, சாப்பிடாமல், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த பெரியவர்போலக் கிடந்தது மலை. எழுப்பப் பயந்த பனி, போர்வையை மட்டும் இழுத்துவிட்டுப் போனது.'

ஒரே கோடு. மேலே எழுதினார்: 'மலை பெரியதாக இருந்தது. பனி மூடியிருந்தது.'

வயிற்றெரிச்சல் சற்றுத் தணிந்தது.

எழுதியவர் பெயரைப் பிழைதிருத்துபவருக்குக் காட்டுவதில்லை என்பது அந்த வார இதழின் வழக்கம். பெயரை ஆசிரியரே கடைசியில் சேர்ப்பார். ஆனால் இந்தக் கோழிக்கிறுக்கல் கையெழுத்து யாருடையது என்று இவருக்குத் தெரியாதா? மனைவியின் தம்பி. பக்கத்து அறையில் இதழுக்குப் படம் வரைகிறவன். நேற்று வந்தவன்.

இந்தக் கட்டுரை எடுபட்டால், இயற்கைப் பக்கம் இதை எழுதியவருக்கே என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். அந்தப் பக்கத்துக்காக இவர் மூன்று முறை எழுதிக் கொடுத்து, மூன்று முறையும் 'வறட்சி' என்று திரும்பியிருந்தது.

'முதல் நாள் வேலைக்குப் போகிறவள்போல, கல்லுக்குக் கல் வழி கேட்டுப் போனது ஓடை.'

பேனா ஒரு கணம் தயங்கியது. எழவு, நன்றாகத்தான் இருக்கிறது. எங்கேயோ கேட்டதுபோலவும் இருந்தது. அடித்தார். ஓடையின் பயமும் கூச்சமும் போய், வெறும் தண்ணீர் ஓடியது.

பக்கம் கீழே அச்சுக்கூடத்துக்குப் போயிற்று. இயந்திரம் உறுமத் தொடங்கியபோது மைத்துனன் எட்டிப்பார்த்தான்.

"என்ன அத்தான், போயிடுச்சா?"

"போச்சு. அலங்காரம் ஜாஸ்தி. கொஞ்சம் நறுக்கிட்டேன்."

மேசையில் கிடந்த பிரதியை அவன் எடுத்துப் படித்தான். முகம் செத்துவிட்டது.

"மலையைக் காணோமே அத்தான்."

"மலை இருக்குப்பா. பெரியவரைத்தான் அனுப்பிட்டேன்."

"அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நீ எழுதினதுக்கு அவ எதுக்குக் கேக்கப்போறா?"

"நான் எங்க எழுதினேன்? பெட்டியிலேருந்து அவதான் எடுத்துக் கொடுத்தா. மை மங்கியிருந்துச்சு, பார்த்து எழுதிக் கொடுத்தேன். உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னா."

"என்ன பெட்டி?"

"கல்யாணத்துக்கு முன்னாடி நீங்க மலையில வேலை பார்த்தீங்களே. அங்கேருந்து அவளுக்கு எழுதின கடுதாசியெல்லாம் வச்சிருக்கா, அந்தப் பெட்டி."

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆசிரியருக்கும் தெரியும் அத்தான். கட்டுரைக்குக் கீழே உங்க பேரைத்தான் போட்டிருக்காரு."