சுத்தமான குரல்

கட்டிலோடு சேர்த்து முடுக்கியிருந்த இரும்புக் கையைக் கழற்றிக்கொண்டிருந்தான் தம்பி. அதன் நுனியில் இருந்த டேப்லெட்டை எடுத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தாகிவிட்டது. கடைசித் திருகுதான் அசைவேனா என்றிருந்தது. இந்தக் கை ஆடிவிடக் கூடாதே என்று உயிரைக் கொடுத்து முடுக்கியவன் அவனேதான். இப்போது அக்காவைக் கூடத்துக்குத் தூக்கிப் போக விடாமல் அது குறுக்கே நின்றது.

"விடுப்பா, பாத்து சாய்ச்சுத் தூக்கிக்கலாம்," என்றார் அத்தான், கதவோரம் நின்றபடி.

"கழண்டுரும் அத்தான். ஒரு நிமிஷம்."

விடிகிற நேரத்தில் அக்காவின் மூச்சு நின்றிருந்தது. கடைசிக் காலத்தில் அவள் உடம்பில் வேலை செய்துகொண்டிருந்தவை கண்கள் மட்டும்தான். அவற்றையும் அத்தான் மூடிவிட்டிருந்தார். திருகு ஒருவழியாக இளகியபோது அவன் விரலில் தோல் உரிந்திருந்தது. அதைக்கூட அவன் அப்புறம்தான் பார்த்தான்.

தலை பாதி நரைத்தும் அவனை எல்லோரும் தம்பி என்றுதான் கூப்பிட்டார்கள். அக்கா அப்படிக் கூப்பிட்டால் தெருவுக்கே கேட்கும். தெருவும் அதையே பிடித்துக்கொண்டது. அவள் பஸ் கண்டக்டர். பின்படியில் நின்று அவள் கொடுக்கிற குரலுக்கு எதிரே வருகிற லாரிகூட நின்றுவிடும் என்று கேலி செய்வார்கள். அப்படிப்பட்டவளுக்கு நரம்பில் வந்த நோய், வேறு இடமே கிடைக்காத மாதிரி முதலில் நாக்கில் போய் உட்கார்ந்தது.

குரல் இருக்கும்போதே பதிவு செய்து வைத்துக்கொள்ளச் சொன்னது மருத்துவமனையில் இருந்த பேச்சுப் பயிற்சியாளர். பின்னால் கை கால் எல்லாம் போனாலும், திரையில் ஒரு கட்டத்தை அக்கா சற்று உற்றுப் பார்த்தால் போதும், அதிலுள்ள வாக்கியம் அவள் குரலிலேயே ஒலிக்கும். கண்ணால் எழுத்து எழுத்தாகப் பொறுக்கியும் பேசலாம். ஆனால் அது யாரோ ஒரு இயந்திரப் பெண்ணின் குரலில் வரும். அந்தக் குரலை முதன்முதலில் கேட்டதும், அக்கா வெகுநேரம் கண்ணை உருட்டி எழுத்துக் கூட்டினாள். "யாருடா இவ?" என்று கேட்டது டேப்லெட். எல்லோரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் அவள் அந்தப் பக்கம் போகவில்லை.

தம்பிக்கு வேலையே குரல்தான். விளம்பரங்களுக்கும் அறிவிப்புகளுக்கும் குரல் பதிவு செய்கிற ஸ்டூடியோ ஒன்றில் இருந்தான். மூச்சுச் சத்தம், எச்சில் சத்தம், நாற்காலி முனகுவது என்று எல்லாவற்றையும் நறுக்கித் தள்ளி, குரலை அலசிப் பிழிந்து கொடுப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. அக்காவை மைக் முன்னால் உட்கார வைத்ததும் அந்தக் கை சும்மா இருக்குமா?

"தண்ணி வேணும்," என்று படித்தவள் பக்கென்று சிரித்துவிட்டாள். "என்னடா இது, பிச்சை கேக்குற மாதிரி? நான் எப்படா இப்படிக் கேட்டிருக்கேன்? 'ஏங்க, இங்க ஒருத்தி காஞ்சு கிடக்கா, கண்ணு தெரியலையா'ன்னுதானே கேப்பேன்."

"அக்கா, சிரிக்காமப் படி. நாளைக்குத் திரும்பத் திரும்பக் கேக்கும்போது எரிச்சலா இருக்கும்."

"உன்னை விடவா?"

அதையும் அழித்தான். பயிற்சியாளர் சொல்லத்தான் செய்தார்: "வீட்ல எப்படிப் பேசுவாங்களோ அப்படியே விடுங்க சார். திட்டுறது, கூப்பிடுறது எல்லாமே எடுங்க." அவன் மரியாதையாகத் தலையாட்டினான். ஒலிப்பதிவைப் பற்றி இந்தம்மாவுக்கு என்ன தெரியும் என்று உள்ளுக்குள் ஓடியது.

"பொண்ணைக் கூப்பிடுற மாதிரி ஒண்ணு எடுடா," என்று அக்கா ஒருநாள் கேட்டாள். அப்போதே வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கியிருந்தன. "'ஏ கழுதை, சாப்பிட்டியா'ன்னு."

"தேவையானதை முதல்ல முடிச்சிருவோம்க்கா. அதெல்லாம் அப்புறம்."

அப்புறம் என்று ஒன்று வரவில்லை. நாக்கு முந்திக்கொண்டது.

டேப்லெட் என்னவோ சொன்னபடி வேலை செய்தது. "தண்ணி வேணும்" என்றால் தண்ணீர் வந்தது. "வலிக்குது" என்றால் மாத்திரை வந்தது. வந்தவர்கள் வந்த வேலையை முடித்துக்கொண்டு போனார்கள். அத்தான் மட்டும் டம்ளரோடு வந்து கொஞ்ச நேரம் நின்று பார்ப்பார், வாக்கியத்தின் மிச்சத்துக்குக் காத்திருப்பவர் மாதிரி. அது எதற்கென்று தம்பி அன்று யோசிக்கவில்லை.

அக்காவின் மகள் வெளியூரிலிருந்து மதியம்தான் வந்து சேர்ந்தாள். தோள் பையை இறக்காமலேயே அம்மாவின் அருகில் உட்கார்ந்தவள், கொண்டுபோகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அழவும் இல்லை. எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கலைந்து, அத்தான் கூடத்தில் வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, அறைக்குத் தம்பியைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"மாமா, அம்மா குரல் உங்ககிட்ட இருக்குல்ல?"

அவன் மேசைப் பக்கம் பார்த்தான்.

"என் போன்ல ஒண்ணுமே இல்ல மாமா. மெசேஜ்ல பேசி அனுப்புன்னா, பதில் வராம பேசுறதுக்கு நான் என்ன பைத்தியமான்னு கேப்பாங்க. கல்யாண வீடியோலயும் எடுத்தவன் பாட்டைப் போட்டு எல்லார் வாயையும் அடைச்சு வச்சிருக்கான். கொஞ்சம் போடுங்களேன்."

மேசைமேல் கவிழ்ந்து கிடந்ததை நிமிர்த்தினான். அதில் சார்ஜ் இல்லாமல் போயிருக்கக் கூடாதா என்று ஒரு கணம் ஆசைப்பட்டான். முழுதாக இருந்தது. அக்கா கண்ணால் பார்த்துப் பேசிய கட்டங்களை விரலால் தொட்டான்.

"தண்ணி வேணும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"வலிக்குது." "ஃபேனைக் குறை." "திருப்பிப் படுக்க வை." "போதும்."

எந்த வாக்கியத்திலும் ஒரு தூசி இல்லை. ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருந்தது. குரல் அக்காவுடையதுதான், ஆனால் அக்கா அதில் எங்கேயும் இல்லை.

"என்னைக் கூப்பிடுறது?"

"எடுக்கலம்மா."

"சிரிச்சது, திட்டினது? அவ்வளவு நேரம் உக்காந்தாங்களே, ஒரு தடவைகூடவா சிரிக்கல?"

"சிரிச்சா. அழிச்சுட்டேன்."

"ஏன் மாமா?"

அவனிடம் பதில் இருந்தது. வாடிக்கையாளர்களுக்கு வருடக்கணக்காகச் சொல்லி வந்த பதில்தான். நோய் எடுத்துக்கொண்டது போக மிச்சமிருந்த அக்காவைத் தானே ஊமையாக்கிவிட்டோம் என்று பட்டது.

"சுத்தமா இருக்கணும்னு நெனச்சேன்," என்றான்.

"அம்மா எப்ப மாமா இப்படிப் பேசினாங்க?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. கோபித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் திரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கீழே ஒதுங்கியிருந்த ஒரு கட்டத்தைத் தொடப் போனாள்.

"அது வேணாம்மா. அதைச் சரியா வெட்டல."

அதற்குள் தொட்டுவிட்டாள்.

"ஜன்னலைத் திற." அதோடு, வாக்கியத்தின் வாலில், "ஹ" என்று ஒரு துணுக்கு.

அன்றைக்கு இதைப் படித்துவிட்டு, பஸ்ஸில் சொன்னால் யார் திறக்கிறான் என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பின் ஆரம்பம் கடைசி எழுத்தோடு ஒட்டிக்கொண்டு வெட்ட வரவில்லை. மறுபடி எடுக்கலாம் என்று விட்டது அப்படியே நின்றுபோனது. வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதைக் கேட்டால் நகக்கண்ணில் சிலாம்பு ஏறியது போல இருக்கும் அவனுக்கு.

மகள் மறுபடி தொட்டாள். "ஜன்னலைத் திற. ஹ"

இன்னொரு தரம் தொட்டாள். அவள் உதடு கோணியது. அந்த "ஹ" முடிகிற இடத்தில் காதை ஒட்ட வைத்துக்கொண்டு, மீதி எங்கேயாவது இருக்கும் என்பதுபோலத் திரும்பத் திரும்பத் தொட்டாள். தம்பி உரிந்த விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கூடத்தில் நாற்காலிச் சத்தம் நின்றது. அத்தான் உள்ளே வந்தார். இருவரையும் பார்க்காமல், காலிக் கட்டிலைச் சுற்றிக்கொண்டு, நேரே ஜன்னலிடம் போனார். அது காலையிலிருந்து திறந்துதான் கிடந்தது. கொஞ்ச நேரம் அதன் முன்னால் நின்றார். பிறகு இரண்டு கதவுகளையும் இழுத்துச் சாத்தி, கொக்கியைப் போட்டு, மறுபடி திறந்துவிட்டார்.