மூன்று முறை பத்து நிமிடம்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது என் மனைவி மஹதி. "எதையெதையோ எழுதறேள். அமீனா பீயைப் பத்தி ஒரு வரி இல்லையே" என்றாள். கேட்டபோது சுருக்கென்றது. உடனே உட்கார்ந்தேன். நான்கு தொடக்கங்களை எழுதிக் கிழித்தேன். அவற்றில் இரண்டு:

"அந்த மார்ச் மாதத்தில் சென்னை வெயில்..." [சென்னை வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.]

"ஒரு வண்டிக்கு மூளை உண்டா என்று கேட்டால்..." [இது வாசகரை மடக்கும் வேலை. மெக்கானிக் ஷஃபியுல்லா படித்தால் சிரிப்பார்.]

ஆகவே நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். நடுநடுவே நான் தடுமாறுவதும் தெரியும். அதை மறைக்கப் போவதில்லை.

2

1998. மஹதியின் கழுத்தில் ஒரு கட்டி. அடையாறில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். மூன்று தடவை மருந்து ஏற்றியாகிவிட்டது. நான் தி. நகரில் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். நீண்ட விடுப்பு போட்டுவிட்டு, காலையில் மயிலாப்பூரிலிருந்து பஸ் பிடித்துப் போய் இருட்டும்வரை அவளோடு இருப்பேன்.

தினமும் ஒரு மணிக்கு ஒரு வெள்ளை பிக்கப் வண்டி வளாகத்துக்குள் நுழையும். வெளிநாட்டு வண்டி, இடது பக்கம் ஸ்டியரிங். கறுப்பு புர்கா அணிந்த, ஐம்பது வயதுப் பெண் ஒருவர் ஓட்டி வருவார். அவர்தான் அமீனா பீ. திருவல்லிக்கேணியில் கல்யாணங்களுக்குச் சமைத்துக் கொடுப்பவர். வண்டியின் பின்பக்கம் இரண்டு பெரிய அண்டா நிறைய பிரிஞ்சி சாதம் இருக்கும். எல்லோரும் சாப்பிட வேண்டும் என்று கறி சேர்க்க மாட்டார். நோயாளிகளுக்கு மருத்துவமனையே சாப்பாடு கொடுத்துவிடும். கூட இருப்பவர்களுக்கு அமீனா பீ. ஆந்திராவிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்து மரத்தடியில் படுத்துக் கிடந்தவர்கள், நான், எல்லோரும் ஒரே வரிசை. வாழ்க்கையில் அவ்வளவு ருசியாக நான் சாப்பிட்டதில்லை. [மஹதி இதைப் படித்துவிட்டு, "ஓஹோ" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாள். இருக்கட்டும்.]

3

கதையில் ஒருவர் தினமும் நூற்றுமுப்பது பேருக்குச் சோறு போட்டால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். நானும் ஒன்று தயார் செய்தேன்: "இதே மருத்துவமனையில்தான் அவருடைய கணவர்..." [பொய். கணவர் துபாயில் நன்றாக இருந்தார். வண்டியை அங்கிருந்து அனுப்பியதே அவர்தான்.] "சிறு வயதில் பசியால்..." [இதுவும் பொய்.]

ஒருநாள் அவரிடமே கேட்டேன்.

"காலைல அடுப்பு சும்மா கீது. வண்டியும் சும்மா கீது. அதான்."

"அது மட்டுந்தானாம்மா?"

"இன்னா தம்பி, சோறு போடறதுக்குக் காரணம் கேக்கறே?"

என் கதாபாத்திரத்தின் மேல் எனக்கு வந்த சந்தேகத்தைக் கதாபாத்திரமே தீர்த்துவைத்துவிட்டது.

4

பிப்ரவரி தொடக்கத்தில் வண்டிக்குக் கிறுக்குப் பிடித்தது. நல்ல வெயிலில் வைப்பர் ஆடும். பட்டப்பகலில் விளக்கு எரியும். நோயாளிகள் தூங்கும் கட்டடத்தின் முன்னால் ஹாரன் தானாக அலறும். ஒருநாள் கதவுகள் பூட்டிக்கொண்டு, அமீனா பீ உள்ளே கால் மணி நேரம் சிக்கிக்கொண்டார். அந்த மாதத்தில் மூன்று நாள் வண்டி கிளம்பவே இல்லை. மூன்று நாளும் சோறு வரவில்லை.

ராயப்பேட்டையில் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை செய்யும் ஷஃபியுல்லா பேட்டரியை மாற்றிப் பார்த்தார். ஃபியூஸ்களை மாற்றினார். ஹாரனையே கழற்றி எறிந்தார். கடைசியில் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து டிபன் பாக்ஸ் அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை வெளியே எடுத்தார்.*

"இதுதான் சார் கோளாறு. மூணு வாரமா தப்பு தப்பா பாத்துக்கினு இருந்தேன். அமீனா ஆபா மூஞ்சில முழிக்கவே வெக்கமா கீது."

[ஆபா என்றால் அக்கா.] தன் தவறை இப்படிச் சொல்லும் மனிதரை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. மஹதியின் தம்பி சுஹாஸ் ஷார்ஜாவில் உதிரிபாகக் கடையில் இருந்தான். அவனுக்கு ஃபோன் செய்து புதுப் பெட்டி ஒன்று கேட்டேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அது வரும்வரை ஷஃபியுல்லா பழைய பெட்டியையே திரும்ப மாட்டி வைத்தார்.

[* பாடி கண்ட்ரோல் மாட்யூல் என்று அதற்குப் பெயர். விளக்கு, ஹாரன், வைப்பர், கதவுப் பூட்டு எல்லாம் அதன் பேச்சைத்தான் கேட்கும். போட்ட சாவி சொந்தச் சாவிதானா என்று பார்ப்பதும் அதுவே. அந்தக் காலத்தில் நம் ஊர் வண்டிகளில் இது கிடையாது.]

5

மார்ச் பதினெட்டு, புதன்கிழமை. இங்கேதான் என் பேனா மூன்று நாள் நின்றது.

முந்தின நாள் சாப்பாடு போட்டு முடித்ததும் வண்டி வளாகத்துக்குள்ளேயே செத்துவிட்டது. புதன் காலை மருத்துவமனை அதிகாரி வந்து அமீனா பீயிடம் சொன்னார்: "உங்கள நம்பி நூத்திமுப்பது பேர் வேற எங்கியும் சாப்பிடாம காத்திருக்காங்க. வருமா வராதான்னு தெரியாத சாப்பாடு வேணாம்மா. இன்னைக்கும் வரலேன்னா இதோட நிறுத்திக்கலாம்." அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

சுஹாஸ் அனுப்பிய புதுப் பெட்டி அன்று காலைதான் ஒரு நண்பர் மூலம் எங்கள் வீட்டுக்கு வந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன். கூடவே இருந்த காகிதத்தைப் படிக்காமல் நானும் ஷஃபியுல்லாவும் மாட்டினோம். எஞ்சின் கிளம்பி, இரண்டு நொடியில் நின்றது. மறுபடி கிளம்பியது, நின்றது. டாஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு மின்னியது. ஷஃபியுல்லா ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

அப்புறம்தான் காகிதத்தைப் பிரித்தேன். சாவியைத் திருப்பி வைத்துப் பத்து நிமிடம் தொடாமல் இருக்க வேண்டும். விளக்கு அணைந்ததும் சாவியை ஆஃப் செய்து மறுபடி திருப்பி, இன்னொரு பத்து நிமிடம். இப்படி மூன்று முறை.

"புது டப்பாக்கு இந்தச் சாவி யாருன்னு தெரியல சார். பழகணும்" என்றார் ஷஃபியுல்லா.

மணி பதினொன்று பத்து. மூவரும் வண்டிக்குள் உட்கார்ந்தோம். திருவல்லிக்கேணியில் சோறு வெந்து தயாராக இருந்தது.

பதினொன்றரைக்கு மஹதியின் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு டாக்டர் வருவார்.

முதல் பத்து நிமிடம் முடிந்து விளக்கு அணைந்ததும் ஷஃபியுல்லா சாவியை ஆஃப் செய்து மறுபடி திருப்பினார். இரண்டாவது பத்து நிமிடத்தின் நடுவில் அமீனா பீ என்னைப் பார்த்தார்.

"இன்னிக்குதானே மஹதிக்கு ரிப்போர்ட்டு?"

"டாக்டர் எப்பவும் லேட்டாத்தான் வருவார்ம்மா."

"பதினொன்னரைக்குனு நேத்து நீதானே சொன்னே."

"இது முடியட்டும். நான்தானே நேரம் பாக்கணும்."

"ஷஃபிக்கு வாட்ச் கீது தம்பி."

நான் அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். ["வண்டிக்கு என் உதவி தேவைப்பட்டதால்..." இந்த வாக்கியத்தைத்தான் மூன்று நாளாக எழுதி எழுதி அடித்தேன். உண்மை வேறு. நான் அங்கே ஒளிந்துகொண்டிருந்தேன்.]

"பயமா கீதா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் கதவைத் திறந்து இறங்கினார். அந்த வண்டியின் சாவியை அவர் வேறு யாரிடமும் கொடுத்ததில்லை. ஷஃபியுல்லா கைகூட, கூடவே அவர் இருந்தால்தான் ஸ்டியரிங்கில் படும்.

"ஷஃபி, வண்டி கிளம்புனா நீயே எடுத்துக்கினு போய் சோத்த ஏத்திக்கினு வா. கிளம்பலேன்னா..." அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை. "வா தம்பி. நானும் வரேன்."

6

படி ஏறும்போது அவர் முன்னால் போனார், நான் பின்னால். டாக்டர் அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்தார். மஹதி என்னைப் பார்த்தாள். "எங்க போனேள்?" என்று கேட்கவில்லை. நகர்ந்து படுத்து, கட்டிலில் எனக்கு இடம் விட்டாள்.

கட்டி பாதிக்குமேல் கரைந்திருந்தது. இன்னும் மூன்று தடவை மருந்து. "பயப்பட ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர். நான் அழுதேன். மஹதி அழவில்லை. அமீனா பீ இரண்டு கையையும் ஏந்தி, கண்ணை மூடி ஏதோ சொன்னார்.

விளக்கு மூன்றாம் முறை அணைந்ததையோ, எஞ்சின் நிற்காமல் ஓடியதையோ நான் பார்க்கவில்லை. ஷஃபியுல்லா பிறகு சொன்னதுதான். ஒன்று இருபதுக்கு வண்டி உள்ளே வந்தது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், திரும்பி நடந்துவிட்டார். மறுநாளும் சோறு வந்தது. அடுத்த ஆறு வருடமும் வந்தது.

7

இங்கே முடித்திருக்கலாம். மஹதி நன்றாக இருக்கிறாள், பக்கத்து அறையில் யாருக்கோ ஃபோனில் பிசிபேளாபாத் சொல்லிக்கொடுக்கிறாள். ஆனால் ஒன்று பாக்கி.

டாக்டர் போனதும் அமீனா பீ என்னிடம், "கொஞ்சம் வெளில நில்லு தம்பி" என்றார். நின்றேன். கதவுக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. மஹதியின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். மஹதி சிரித்தாள். நான்கு மாதத்தில் முதல் சிரிப்பு. சத்தம் வெளியே கேட்டது.

என்ன சொன்னார்? நான் இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நான் வண்டிக்குள் ஒளிந்திருந்ததைப் போட்டுக்கொடுக்கிறார். இன்னொன்றில் என்னைக் கோபித்துக்கொள்ளாதே என்கிறார். இரண்டையும் மஹதியிடம் காட்டினேன்.

"ரெண்டும் இல்லை" என்றாள்.

"பின்னே?"

"அது எங்க ரெண்டு பேருக்கும்."

அமீனா பீ இப்போது இல்லை. மஹதியும் சொல்லப் போவதில்லை. ஆகவே கதவுக்கு வெளியே என் பக்கத்தில் உங்களுக்கும் ஓர் இடம் விடுகிறேன். உள்ளே ஒருத்தி சிரிக்கிறாள், பாருங்கள். அந்தக் காதில் என்ன விழுந்திருக்கும் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அந்தச் சிரிப்பு போதும்.