சிகாமட்டில் நான் வேலை பார்த்ததே இல்லை

சிகாமட்டில் நான் ஒரே ஒரு தடவைதான் இறங்கியிருக்கிறேன். கோலாலம்பூரிலிருந்து திரும்பும்போது லாபிஸ் பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறிவிட்டது என்று ரயிலை அங்கே நிறுத்திவிட்டார்கள். மூன்று மணி நேரம் ஸ்டேஷனில் உட்கார்ந்து கச்சாங் கடலை தின்றேன். எனக்கும் அந்த ஊருக்கும் உள்ள உறவு அவ்வளவுதான். அந்த ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் ஆறு வருடம் நர்ஸாக இருந்தேன் என்று ஒரு கடிதம் என் போனுக்கு வந்தால் எனக்கு எப்படி இருக்கும்?

வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். நான் வேலை பார்க்கும் தம்போய் டயாலிசிஸ் மையத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தேன். கிரகோரி அங்கிள் ஆபீஸில் வேலை பார்க்கும் பெண், 'அக்கா, உங்க ஃபைல் காப்பி' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். நான் கேள்விப்பட்டே இராத மருத்துவமனையின் பெயர், முத்திரை, ஒரு டாக்டரின் கிறுக்கல். அடுத்த பக்கத்தில், 'மேலே சொன்னது அனைத்தும் உண்மை' என்ற உறுதிமொழிக்குக் கீழே என் கையெழுத்து. கடிதம் பொய். கையெழுத்து மட்டும் சுத்தமான அசல்.

அது எப்படி அங்கே போனது என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. கிரகோரி அங்கிள் நியூசிலாந்துக்கு ஆள் அனுப்பும் குடிநுழைவு ஆலோசகர். அங்கே நர்ஸ் வேலைக்குப் போகத்தான் நான் அவரிடம் போயிருந்தேன். அந்த நாட்டு உரிமத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டியிருப்பார். அதைவிடப் பெரிய உரிமம் ஒன்று அவருக்கு எங்களிடம் இருந்தது. அவர் என் மகளுக்கு ஞானத்தகப்பன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சர்ச்சின் கடைசி பெஞ்சில் ஆறு விண்ணப்பப் பாரங்களைப் பரப்பினார். பென்சிலால் சின்னச் சின்னச் சிலுவை போட்ட இடங்களைக் காட்டி, "இங்க, இங்க, அப்புறம் இங்க" என்றார். ஆறும் எதுவும் நிரப்பாத வெறும் பாரங்கள். ஊசி குத்துவதற்கு முன்னால் நோயாளியின் பெயரை மூன்று முறை சரிபார்க்கிறவள் நான். அன்றைக்கு ஒரு வரிகூடப் படிக்காமல் போட்டேன். பிள்ளையை ஞானஸ்நானத் தொட்டியருகே ஏந்தி நின்ற மனுஷனிடம், 'கொடுங்க, படிச்சிட்டுத் தர்றேன்' என்று எப்படிச் சொல்வது? எங்கள் கூட்டத்தில் அப்படிக் கேட்டால் முகத்தில் அடித்த மாதிரி.

உடனே போன் போட்டேன்.

"அலமாக், ஐலீன், அது சும்மா ஒரு சப்போர்ட்டிங் பேப்பர் லா. எல்லாரும் வைக்கிறதுதான்."

"நான் சிகாமட்டுல வேலையே பார்க்கலையே அங்கிள்."

"யாரு போய்ப் பார்க்கப் போறா? ஃபைல் போன மாசமே போயாச்சு. நீ பேசாம ஜெபம் பண்ணு."

பொய்க் கடிதத்தைக்கூடப் பொறுத்திருப்பேனோ என்னவோ, ஜெபம் பண்ணச் சொன்னதில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று சாயங்காலம் நியூசிலாந்து குடிநுழைவுத் துறையின் இணையப் பக்கத்தை வரி வரியாகப் படித்தேன். பொய்த் தகவலோடு விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருந்தால் நிராகரிப்பதோடு விட மாட்டார்கள். வேறு எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும், 'இதற்கு முன் நிராகரிக்கப்பட்டீர்களா? ஏன்?' என்று கேட்பார்கள். இங்கே நர்ஸ்களுக்கு உரிமம் தரும் தாதியர் வாரியத்தின் காதுக்குப் போனால் இருக்கிற வேலைக்கும் ஆபத்து. நியூசிலாந்து போனால் போகட்டும். பத்து வருடம் உழைத்து நான் சம்பாதித்த பெயர் போகலாமா?

புகார் கொடுக்கப்போகிறேன் என்று என் கணவர் பிரையனிடம் சொன்னேன். சிங்கப்பூரில் வேலை முடித்து எல்லைப் பாலத்தைத் தாண்டி மோட்டாரில் வந்து அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"வேணாம் ஐலீன். புகார் கொடுத்தா, வெறும் பாரத்துல கையெழுத்துப் போட்டேன்னு நீயே எழுதிக் கொடுக்கிற மாதிரி. நம்ம தலையில நாமே மண்ணை வாரிப் போட்டுக்கணுமா? பாப்பாவுக்கு ஞானத்தகப்பன் வேற."

அவர் பயத்தில் நியாயம் இருந்தது. என் பயமும் அதேதான். ஆனாலும் மடிக்கணினியைத் திறந்தேன். ஆலோசகர்களைக் கண்காணிக்க அந்த நாட்டில் ஓர் அமைப்பு இருக்கிறது. அதன் புகார்ப் பாரத்தில் ஒரு கேள்வி: 'ஆலோசகரிடம் முதலில் பேசினீர்களா? அவர் என்ன சொன்னார்?' ஜெபம் பண்ணச் சொன்னார் என்று தட்டினேன்.

"அதையுமா எழுதுவ?" என்றார் பிரையன் தோளுக்குப் பின்னாலிருந்து.

"அவரு சொன்னது அதுதானே?"

'நடந்ததை விவரிக்கவும்' என்ற பெட்டிதான் உயிரை எடுத்தது. ஆறு வெறும் பாரங்களில் நான் கையெழுத்திட்டேன், படிக்கவில்லை, அது என் தவறு என்று எழுதினேன். கடைசி இரண்டு சொற்களை அழித்தேன். மறுபடி எழுதினேன். மறுபடி அழித்தேன். நாலாவது தடவை எழுதியதை அப்படியே விட்டுவிட்டு அனுப்பும் பொத்தானை அழுத்தினேன்.

அவருக்கு அங்கிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் போயிருக்க வேண்டும். இரண்டே ஞாயிற்றுக்கிழமையில் சர்ச் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஞானத்தகப்பன் மேலேயே கேஸ் போட்டவள் என்று என் காதுபடவே பேசினார்கள். அரசாங்க கிளினிக்கில் நர்ஸாக இருக்கும் ரீத்தா, பூசை முடிந்தால் என்னோடு கதை அடிக்காமல் வீட்டுக்குப் போக மாட்டாள். அவளும் என்னைப் பார்த்ததும் கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தாள். எனக்கு அழுகையாக வந்தது. தப்பு செய்தது நான்தானோ என்றுகூட ஒரு நாள் தோன்றியது.

ஐந்தாவது வாரம் காலையில், இரண்டு நோயாளிகளுக்கு நடுவே, வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஸ்டோர் ரூமுக்குள் ஓடினேன். புகாரை விசாரிக்கும் பெண் அதிகாரி, எனக்குப் புரிய வேண்டும் என்று நிறுத்தி நிறுத்தி ஆங்கிலம் பேசினார். பிறந்த தேதி கேட்டார். பாஸ்போர்ட் எண் கேட்டார். பிறகு, "உங்கள் அனுமதியோடு குடிநுழைவுத் துறையில் விசாரித்தோம். உங்கள் பெயரில் எந்த விண்ணப்பமும் வரவில்லை" என்றார்.

"சரியாகப் பார்த்தீர்களா?"

"இரண்டு முறை பார்த்தோம். அவர் எதையும் சமர்ப்பிக்கவே இல்லை."

சலைன் அட்டைப்பெட்டி மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்த மனுஷன் ஊரை ஏமாற்றக்கூடச் சோம்பல்பட்டிருக்கிறார், அந்தச் சோம்பல் என்னைக் காப்பாற்றியிருக்கிறது! என் பெயரில் ஒரு கறையும் இல்லை. நெஞ்சில் அஞ்சு வாரமாக உட்கார்ந்திருந்த கல் இறங்கிவிட்டது. 'புகாரைத் தொடர விரும்புகிறீர்களா?' என்று அதிகாரி கேட்டதற்கு, யோசித்துத் திங்கட்கிழமை சொல்கிறேன் என்றேன்.

"அப்ப விட்டுரலாம் லா, தப்பிச்சோம்ல" என்றார் பிரையன் போனில். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் பாதி மனது அப்படித்தான் இருந்தது. அன்றைக்கு இரண்டு தட்டு மீ கோரெங் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம். முன் பெஞ்சிலிருந்த கிரகோரி அங்கிள் திரும்பினார். கோவிட்டுக்குப் பிறகு நாங்கள் கைகூப்புவதோடு சரி. அவர் கையை நீட்டினார். கொடுத்தேன். அவர் விடவில்லை.

"சமாதானம் ஐலீன். ஃபைல்தான் போகவே இல்லையே, உனக்கு ஒண்ணும் ஆகலல்ல? வாபஸ் வாங்கிடும்மா."

"போன மாசமே போயாச்சுன்னு சொன்னீங்களே அங்கிள்."

அவர் பீடத்தின் பக்கம் பார்த்தார். எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. பயம் போய்விட்டதால் கோபமும் போய்விட்டது போலிருக்கிறது. திங்கட்கிழமை சொல்ல வேண்டிய பதில் அங்கேயே வாயில் வந்துவிட்டது.

"உங்களுக்கும் சமாதானம் அங்கிள். புகார் அப்படியே இருக்கட்டும்."

பாடகர் குழு இன்னும் பாட்டை எடுக்கவில்லை. நான் நினைத்ததைவிடச் சத்தமாகவே சொல்லிவிட்டேன். நாலு பெஞ்சு திரும்பிப் பார்த்தது. அவர் கையை விட்டுவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சமாதானம் சொல்லப் பின்பக்கம் திரும்பினேன். அங்கே ரீத்தா நின்றாள். கூப்பிய என் கைகளை அப்படியே தன் கைக்குள் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"எங்கிட்டயும் வெறும் பாரத்துலதான் கையெழுத்து வாங்கினாரு ஐலீன். என் பேருல என்ன எழுதி வச்சிருக்காருன்னே தெரியல. பயந்துக்கிட்டுத்தான் உன் முகத்தைப் பார்க்காம இருந்தேன்." மூக்கை உறிஞ்சினாள். "அந்தப் புகார் லிங்க்கை அனுப்பு லா."

பூசை முடியும்வரை பொறுக்காமல் அங்கேயே போனை எடுத்து அனுப்பினேன்.