முகத்துக்கு ஒரு பிரதி

எகேசா என் டீக்கடை வாசலில் நின்றுதான் படம் எடுப்பான். கென்யாவும் உகாண்டாவும் முட்டிக்கொள்ளும் எங்கள் ஊரில், இரண்டு நாட்டு எல்லைக் கேட்டுக்கும் நடுவே கிடக்கிற சாலைதான் அவனுடைய ஸ்டூடியோ. யாரையும் கேட்டு எடுக்கமாட்டான். சைக்கிளில் தக்காளிக் கூடை கட்டிப் போகிறவள், லாரி வரிசையில் நின்று பல் விளக்குகிறவன், யாரும் தப்பமுடியாது. மறுநாள் பிரிண்டோடு தேடிப் பிடித்துவிடுவான். எத்தனை முகம் தெரிகிறதோ அத்தனை பிரதி.

"ஒருத்தன் மூஞ்சிய எடுத்துட்டு அவன்கிட்டயே குடுக்கலன்னா அது திருட்டுதானேக்கா" என்பான்.

அந்தப் பழக்கம்தான் அவனைக் கவிழ்த்தது.

ஒரு புதன்கிழமை. கேட் அதிகாரி மகேரோ புது நீலச் சட்டையில் வந்திருந்தார். லாரி டிரைவர் வெசோங்கா ஜன்னல் வழியாகக் குனிந்து எதையோ நீட்ட, இவர் வாங்கிக்கொண்டு சிரித்தார். எகேசா படம் எடுத்தான்; அவன் கண்ணில் பட்டது சட்டையும் சிரிப்பும்தான். லஞ்சப் பணம் வைத்த கவர் படவேயில்லை.

மறுநாள் காலையும் லாரி வரிசையில்தான் நின்றது. வெசோங்காவிடம் ஒரு பிரதி கொடுத்தான். அவர் இரண்டு தடவை உற்றுப் பார்த்தார். முன்கண்ணாடிக்கு மேலே செருகிக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டார். அடுத்து மகேரோ. என் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, சட்டை பிரமாதமா விழுந்திருக்கு. வீட்ல காட்டுங்க."

மகேரோ பார்த்தார். டீயைக் கீழே வைத்தார்.

"யாருடா எடுக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. எல்லாரையும் எடுக்கறதுதானே."

"வேற யார்கிட்ட இருக்கு?"

"டிரைவருக்கும் ஒண்ணு குடுத்துட்டேங்க" என்றான், பெருமையாகவே. என் எண்ணெய்ச் சட்டியில் மந்தாசிப் பணியாரம் கருகியது. நான் கவனிக்கவில்லை.

மகேரோ கத்தவில்லை. எகேசாவின் கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அந்தப் படம் என் கைக்கு வரட்டும், இது உன் கைக்கு வரும். அதுவரைக்கும் ரெண்டு கேட்டையும் நீ தாண்டக் கூடாது. தாண்டினா, எல்லையில உளவு பார்த்தான்னு எழுதிடுவேன்."

டிரைவரிடம் கேட்க அவருக்குப் பயம். இவனிடம் என்ன பயம்?

எகேசாவின் வீடு கேட்டுக்கு அந்தப் பக்கம், இருநூறு அடி. என் கடையிலிருந்தே தகரக் கூரை தெரியும். அவன் மனைவி நபுவிரே தினமும் கம்பிவேலி இடுக்கில் சோளக்களியும் கீரையும் நீட்டினாள். அவன் என் கடைச் சாக்குகளின்மேல் படுத்தான். பழக்கத்தில் கை அடிக்கடி மார்பைத் தடவும். அங்கே ஒன்றும் இருக்காது.

பதினோராம் நாள் வெசோங்காவின் லாரி திரும்பியது. படம் அதே இடத்தில், இப்போது பிளாஸ்டிக் உறை போட்டு.

"அண்ணே, அந்தப் படத்தக் குடுத்துடுங்கண்ணே. இல்லன்னா அவரு என்னைய விடமாட்டாரு."

"இரு, அவரே வர்றாரு பாரு."

மகேரோ வந்தார். கண்ணாடிக்கு மேலே பார்த்தார். எகேசாவையும் பார்த்தார். தடுப்புக்கட்டையைத் தூக்கச் சொல்லிக் கைகாட்டிவிட்டு நடந்தார்.

"பாத்தியா? பதினாலு வருசமா ஓட்டறேன். கவரு குடுக்காம போறது இதான் முதல் தடவ. இதப் போயிக் கேக்கறியே."

"நான் வீட்டுக்குப் போகணும்ணே."

"நீ வீட்டுக்குப் போற, அவன் வீடு அதோ தெரியுது" என்றேன் நான் வெசோங்காவிடம்.

"நான் என்னக்கா பண்ண? குடுத்தா நாளைக்கே மறுபடி கவரு." இன்ஜின் உறுமியது. வெசோங்கா கொஞ்சம் கூச்சத்தோடு தலையை வெளியே நீட்டினார். "தம்பி, என் தம்பியும் இதே ரூட்லதான் ஓட்டறான். இன்னொரு பிரதி கிடைக்குமா?"

எகேசாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

சாயங்காலம் நபுவிரே வேலிக்கு வந்தாள். "லாரி வந்துச்சாமே?"

"வந்துச்சு, போயிடுச்சு."

"அடுத்து எப்ப?"

"பதினோரு நாளாகும்" என்றான். கிண்ணத்தை வாங்க வேலிக்குள் கையை விட்டான்.