சனிக்கிழமை மட்டும் நிற்கும் வீடு

1948ஆம் வருடம் ஐப்பசிக் கடைசியில், இலங்கை மலைநாட்டில் நோர்வூட்டுக்கு மேலே இருக்கிற வெள்ளைக்கல் தேயிலைத் தோட்டத்தில் டொக்டர் வீடு ஒரு சாண் கிழக்கே நகர்ந்தது. அந்த வாரம் மழை அதிகம், கொழுந்து குறைவு, தேயிலை அரைக்கிற ஸ்டோரில் ஒரு மெஷின் பெல்ட்டும் அறுந்துபோயிருந்தது. அதனால் முதலில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்டுபிடித்தவன் மாயாண்டி. தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. காலைப் பெரட்டில் எல்லாரும் வரிசையாக நிற்கும்போது வேலை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம் போய், "டொக்டர் வீட்டுக்குக் குழாய் எட்டலைங்க" என்றான். "குழாய் சுருங்கிருச்சாடா?" என்று அவர் கேட்டார். "குழாய் அப்பிடியேதான் இருக்குங்க. வீடுதான் போயிருச்சு, ஒரு சாண்." கண்டாக்கையா மலையைப் பார்த்தார், மழையைப் பார்த்தார். "அப்ப ஒரு சாண் குழாய் போடு" என்று சொல்லிவிட்டு ஆள் பிரிக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு மாதாமாதம் குழாய் நீட்டுவது மாயாண்டியின் வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

அந்த வீட்டில் இருந்தவர் டொக்டர் எமில் வைஸ். செக்கு நாட்டுப் பிராக் நகரத்து யூதர். அங்கே தன் ஜனங்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்றதும், பிள்ளைத்தாய்ச்சி மனைவியோடு கப்பலேறிக் கொழும்புக்கு வந்தவர். பிரசவத்தில் மனைவி போய்விட்டாள். கைக்குழந்தையோடு மலைக்கு வந்தவருக்கு மாயாண்டியின் பெண்சாதி அம்மாக்கண்ணுதான் துணை. அவளுக்கும் அப்போது மடியில் பிள்ளை. ஒரு பக்கம் தன் பிள்ளைக்கும் மறு பக்கம் டொக்டர் பிள்ளைக்கும் பால் கொடுத்தாள். அந்தப் பிள்ளையின் பெயர் மிரியாம். முதலில் பேசியது தமிழ், முதலில் திட்டியதும் தமிழ். அம்மாக்கண்ணுவைக் 'கண்ணும்மா' என்று கூப்பிட்டாள்.

மிரியாமுக்கு ஏழு வயதாகிற வருடம், யூதர்களுக்கென்று ஒரு நாடு உண்டாகிவிட்டதாக ரேடியோவில் செய்தி வந்தது. டொக்டர் அன்று ஆஸ்பத்திரியை அரை நாள் மூடிவிட்டு, மகளை நாற்காலியில் உட்காரவைத்துப் பாடம் தொடங்கினார். அவர்கள் வழக்கப்படி சிலேட்டில் முதல் எழுத்தைத் தேனால் எழுதினார். பிள்ளை அதை நக்கவேண்டும். படிப்பு இனிப்பு என்று நாக்குக்குத் தெரியவேண்டுமாம். அம்மாக்கண்ணு வாசலில் நின்று பார்த்தாள். "நம்ம பச்சரிசியில எழுதுற மாதிரிதான். என்ன, இவங்களது திங்கலாம்" என்று தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் போய்ச் சொன்னாள்.

டொக்டரும் அந்த நாட்டைக் கண்ணால் பார்த்தவரில்லை. அவருடைய அப்பா பார்த்ததில்லை, தாத்தா பார்த்ததில்லை. ஆனாலும் எந்த ஆறு எந்த மலையில் பிறக்கிறது, எந்த மாதத்தில் வாதுமை பூக்கும், எந்த ஊர்க் கிணற்றடியில் யார் யாருக்காகக் காத்திருந்தார்கள் என்றெல்லாம் அடுத்த டிவிஷனைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்வார். அவருக்கு ஒரே ஒரு ஆசை. மகள் ஒரு நாள் அந்த மண்ணில் இறங்கும்போது விருந்தாளி மாதிரி முழித்துக்கொண்டு நிற்கக் கூடாது. வீட்டுப் பிள்ளை மாதிரி நடந்து உள்ளே போகவேண்டும். தான் வாழ்ந்த எல்லா ஊரிலும் வாசலில் நின்றவர் அவர். அதனால் பாடத்தை ஒரு நாளும் விடவில்லை. பிள்ளை எவ்வளவு படித்ததோ அவ்வளவு வீடு நகர்ந்தது. ஆற்றின் பெயர்களைப் படித்த மாதத்தில் இரண்டு முழம். காய்ச்சலில் படுத்த மாதத்தில் ஒன்றுமில்லை. சனிக்கிழமை மட்டும் நகரவே நகராது. அது அவர்களுக்கு ஓய்வு நாள், வீட்டுக்கும் தெரிந்திருந்தது.

மழைக் காலத்தில்தான் அம்மாக்கண்ணுவுக்குக் கோபம் வரும். துணி காயாமல், விறகு பற்றாமல் கிடக்கிற நேரத்தில் அப்பாவும் மகளும் எழுந்து நின்று மழை வேண்டும் என்று ஜெபம் பண்ணுவார்கள். "இங்க ஊத்துறது பத்தலையா டொக்டரய்யா? இன்னும் வேறயா கேக்குறீங்க?" என்பாள். "இங்கே இல்லை அம்மாக்கண்ணு, அங்கே பெய்யணும். அங்கே இப்பதான் விதைப்பாங்க" என்பார் அவர். "அப்ப சாமிகிட்ட அட்ரஸச் சரியாச் சொல்லுங்க. எல்லாம் எங்க தலையிலதான் வந்து ஊத்துது."

வீடு முதல் அடி வைத்த அதே காலத்தில்தான், தோட்டத்து ஜனங்கள் இந்த நாட்டுப் பிரஜைகள் இல்லை என்று சட்டம் வந்தது. அப்படியானால் எந்த நாடு என்று கேட்டால் இந்தியா, அந்தக் கரை என்றார்கள். லயத்தில் பாதிப் பேர் அந்தக் கரையைப் பார்த்ததே இல்லை. டொக்டர் வீடு நகர்கிறதே, நாமும் படித்துப் பார்ப்போம் என்று ஒரு வாரம் எல்லாரும் உட்கார்ந்து முசிறி, துறையூர், பெரம்பலூர் என்று பாட்டன் ஊர்ப் பெயரையெல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். சுவரிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது. லயம் நூல் அளவும் அசையவில்லை. "பாத்தீங்களா, நம்ம ஊரு இதுதான்" என்றான் மாயாண்டி. அவன் சொன்னது எல்லாருக்கும் சரியாகப் பட்டது. ஆனால் அரசாங்கக் கச்சேரியில் அதை அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீடு விட்டுப்போன இடத்தில் நல்ல கரிசல் நிறத்து மண் கிடந்தது. கட்டிடம் நிற்கிற இடம் என்று எழுதியிருந்ததால் அங்கே தேயிலை நட முடியாது. கட்டிடமும் இல்லை. யாருக்கும் சொந்தமில்லாத அந்த நிலத்தில் லயத்து ஆட்கள் போஞ்சி அவரைக்குக் கம்பு ஊன்றினார்கள், லீக்ஸ் போட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் காய்கறித் தோட்டம் ஒரு வால் மாதிரி நீண்டுகொண்டே போனது. பெரிய துரை ஒரு முறை குதிரையில் வந்து பார்த்து, கிழக்கே வீட்டுக்கு முன்னால் இருக்கிற செடிகளை முன்கூட்டியே பிடுங்கிவிடும்படி சொல்லிப் போனார். இப்படி ஆறாம் நம்பர் மலையில் பாதி தூரம் வீடு போய்விட்டது.

1953இல் மிரியாம் ஹட்டன் கொன்வென்டில் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்தவள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், "அப்பா, நாம தப்பான பக்கம் போறோம்" என்றாள். டொக்டர் சிரித்தார். அவள் பூமிப் படத்தை மேசையில் விரித்தாள். இலங்கை இங்கே, அந்த நாடு அங்கே, மேற்கே. டொக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். கிழக்குச் சுவரில் ஒரு பித்தளைத் தகடு தொங்கியது; அதில் அவர்கள் எழுத்தில் 'கிழக்கு' என்று எழுதியிருந்தது. பிராக் நகரத்திலிருந்து பார்த்தால் எருசலேம் கிழக்கே. அந்தப் பக்கம் பார்த்துத்தான் ஜெபம் பண்ணவேண்டும் என்பதற்காகத் தாத்தா மாட்டியது, அப்பா மாட்டியது, டிரங்குப் பெட்டியில் சுற்றி இவர் கொண்டுவந்தது. மலைக்கு வந்த அன்றே யோசிக்காமல் கிழக்குச் சுவரில் ஆணி அடித்துவிட்டார். அத்தனை வருடமும் அப்பாவும் மகளும் மட்டக்களப்புக் கடலைப் பார்த்து ஏங்கியிருக்கிறார்கள்.

அன்று ஓய்வு நாளுக்கான இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றிவிட்டு அவர் தகட்டுக்கு எதிரே போய் நின்றார். மிரியாம்தான் அவர் முழங்கையைத் தொட்டு, "பரவாயில்லப்பா, உலகம் உருண்டைதானே. கிழக்கால போனாலும் போய்ச் சேந்திருப்போம்" என்றாள். அம்மாக்கண்ணு சமையலறையிலிருந்து, "நாந்தான் அப்பவே சொன்னேனே, அட்ரஸ் தப்புன்னு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தகட்டைக் கழற்றி மேற்குச் சுவரில் மாட்டினார்கள். கிழக்கு என்ற எழுத்தோடு அது மேற்கே தொங்கியது. வீடு ஒரு மாதம் சும்மா நின்றது. பிறகு வந்த வழியே திரும்பியது, மெதுவாக, போஞ்சிப் பாத்திகளின் மேல். லயத்து ஆட்கள் கம்புகளைப் பிடுங்கி வீட்டின் மறுபக்கம் ஊன்றினார்கள். மாயாண்டி நீட்டிய குழாய்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்கினான். "போறப்ப ஒரு கூலி, வாறப்ப ஒரு கூலி" என்று அவனைக் கேலி பண்ணினார்கள்.

1957இல் வீடு பழைய அத்திவாரத்துக்கு வந்து சரியாக உட்கார்ந்தது. உட்கார்ந்தது, அசையவில்லை. டொக்டர் பாடத்தைக் கூட்டினார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மிரியாமுக்கு எல்லாம் தெரிந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். வீடு மட்டும் கல்லாக நின்றது. ஒரு நாள் மாலை அவர் புத்தகத்தை மூடிவிட்டு, "என்னம்மா?" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எல்லா மலை பேரும் தெரியும்ப்பா. ஆனா கண்ண மூடுனா இந்த மலைதான் தெரியுது. மூடுபனி, ஸ்டோர் சங்கு, கண்ணும்மா வீட்டு அடுப்பு. நான் என்ன செய்ய?"

பெற்றவர்களுக்கு இதைவிடக் கஷ்டமான பதில் கிடையாது. தவறு என்று திட்டவும் முடியாது. அவர் அவள் தலையில் கை வைத்தார். போய் ஒரு வருடம் பார், பிடிக்காவிட்டால் திரும்பி வா என்றார். அவள் ஒப்புக்கொண்டாள். அவர் கூடப் போகாததற்குக் காரணம் வைத்தியம்தான். அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு டொக்டர் இல்லை, அந்த வருடம் பிள்ளைகளுக்குத் தொண்டை அடைப்பான் வேறு. 1959இல் மிரியாம் கொழும்பில் கப்பலேறினாள். அம்மாக்கண்ணு ஹட்டன் ஸ்டேஷன் வரைக்கும் போய், "மூணு வேளையும் தின்னு பாப்பா, அங்கயும் மழை பேஞ்சா தலையில துணியப் போட்டுக்க" என்று சொல்லி அனுப்பினாள்.

இத்தாலியில் கப்பல் மாறி அவள் போய்ச் சேர்ந்தாள். முதல் நாள் பஸ்ஸில் டிக்கெட் கேட்டதும் பஸ்ஸே சிரித்ததாம். அப்பா சொல்லிக்கொடுத்தது ஜெபப் புத்தகப் பாஷை. தீர்க்கதரிசி ஒருவர் வந்து டிக்கெட் கேட்டதுபோல் இருந்ததாம். ஆறு தெரிந்தது, மலை தெரிந்தது, மனிதர் பேச்சு புரியவில்லை. வாசலில் நிற்கிற விருந்தாளியாகத்தான் நின்றாள். ஒரு கிராமத்துப் பள்ளியில் வேலை கொடுத்து அனுப்பினார்கள். அங்கே போன முதல் மாலை, தெருவில் நாலு கிழவிகள் உட்கார்ந்து ஒரு மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். மிரியாமுக்கு முக்கால்வாசி புரிந்தது. கொச்சியிலிருந்து போய்க் குடியேறிய யூதக் கிழவிகள், பேசியது மலையாளம். அவள் கிட்டே போய், "பாவம், அந்தப் புள்ளய ஏன் திட்டுறீங்க?" என்று தமிழில் கேட்டாள். கிழவிகள் வாயைப் பிளந்தார்கள். பிறகு நாலு பேரும் எழுந்து, ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போய்ச் சோறும் தேங்காய்ப்பால் மீனும் போட்டார்கள். அதற்குப் பிறகு அவள் அந்த ஊரை விட்டு வேறெங்கும் போகவில்லை.

இந்தச் சமாசாரம் கடிதத்தில் வந்து சேர்ந்த அன்று டொக்டர் அதை அம்மாக்கண்ணுவுக்குப் படித்துக் காட்டினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க இத்தன வருசமாப் படிச்சுக் குடுத்தீங்க டொக்டரய்யா. கடசியில என் பேச்சுதான் கதவத் தொறந்துச்சு" என்றாள். டொக்டர் வாய்விட்டுச் சிரித்தார். அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. மகள் வீட்டுப் பிள்ளையாக உள்ளே போய்விட்டாள். அவர் கேட்டது அவ்வளவுதான். சிரித்து முடித்த பிறகுதான் வீட்டில் பாடம் கேட்க ஆள் இல்லை என்பது அவருக்கு உறைத்தது. புத்தகத்தைத் திறந்தார். மகளுக்குச் சொன்ன ஆறுகளையும் மலைகளையும் தனக்கே சத்தமாகப் படித்தார். இத்தனை வருடத்தில் தனக்கென்று அவர் அந்த நாட்டைக் கேட்டதே இல்லை. மறுநாள் காலை வீடு பத்து முழம் தள்ளி நின்றது, மேற்கே, கொஞ்சம் வடக்குச் சாய்ந்து.

தோட்டத்து எல்லை வரைக்கும் அம்மாக்கண்ணு கூடவே நடந்தாள். அதுவே ஒரு வருடம் ஆனது. எல்லைக் கல்லருகே டொக்டர் ஜன்னல் வழியாக, "நீங்களும் மாயாண்டியும் வாங்களேன். அறை சும்மாதான் கிடக்குது" என்றார். "எனக்கு ஏங்குறதுக்கு வேற ஊரு இல்லீங்களே" என்றாள் அவள். "பாப்பாகிட்ட சொல்லுங்க, அடுப்பு எரிஞ்சுக்கிட்டுதான் இருக்குன்னு." அவள் லயத்துக்குத் திரும்பினாள். அவள் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் அந்தக் கரைக்கு அனுப்புவதா, இங்கேயே வைப்பதா என்று பிறகு இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து பேசின. அவளை யாரும் கேட்கவில்லை.

வீடு இறங்கிப் போனது. எட்டியாந்தோட்டையில் ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு மழைக்காலம் இருந்தது. டொக்டர் அங்கே பாம்புக்கடி பார்த்தார். குளியாப்பிட்டித் தென்னந்தோப்புகளில் வேகம் கூடியது. ஓட்டின் மேல் தேங்காய் விழுந்தால் ஆட்கள் வந்து மன்னிப்புக் கேட்டார்கள். போகிற வழியில் நோயாளிகள் ஏறி, மருந்து வாங்கிக்கொண்டு இரண்டு வேலி தாண்டி இறங்கினார்கள். சனிக்கிழமைகளில் வீடு நிற்கும் என்று தெரிந்ததால் தூரத்து ஜனங்கள் அன்றைக்குத்தான் வந்தார்கள். ஓய்வு நாளென்றாலும் நோயாளியைப் பார்க்கத் தடையில்லை.

1965 கார்த்திகையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வீடு சிலாபத்துக் கடற்கரைக்கு வந்தது. மீனவர்கள் வலை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். "எங்க போறீங்க ஐயா?" என்று ஒருவர் கேட்டார். "மக வீட்டுக்கு" என்றார் டொக்டர். தூரப் பயணமாயிற்றே என்று அவர்கள் ஒரு கூடை இறால் கொண்டுவந்து நீட்டினார்கள். எங்கள் வழக்கத்தில் செதில் உள்ள மீன்தான் சாப்பிடலாம் என்று அவர் பணிவாகச் சொன்னார். அதற்கென்ன என்று இரண்டு விளைமீனைத் தேடி எடுத்து உப்புத் தடவி ஜன்னலில் வைத்தார்கள். கரையில் வள்ளங்கள் நெருக்கமாகக் கிடந்தன. நாலு பேர் சேர்ந்து இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இழுத்து, ஒரு வீடு போகிற அளவுக்கு வழி விட்டார்கள். அது கடலில் இறங்கிப் போன பிறகு, வெயில் ஏறுகிறதே என்று வள்ளங்களைப் பழையபடி நெருக்கி வைத்தார்கள். அன்று இறால் நல்ல விலைக்குப் போனது.