பாதி ஆள்

ரத்தினம்மா கடலைக்காட்டில் ஓடிக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது கையை ஆந்திர ஏட்டு தேவானந்தமும் இடது கையைத் தமிழ்நாட்டு இன்ஸ்பெக்டர் நளினியும் பிடித்திருந்தார்கள். முன்னால் ஓடிய பரணியின் வலது பாதி தேவானந்தத்துக்கு மட்டும் தெரிந்தது. இடது பாதி நளினிக்கு மட்டும். காட்டின் கோடியில் இருந்த மோட்டார் கொட்டகையில் தேவானந்தத்தின் மகன் சாம் ஒளிந்திருந்தான். மறுநாள் கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டியவன்.

பரணி பாதிப் பாதியாகத் தெரிவது இரண்டு வருஷமாக இருந்துவரும் நிலைமைதான். விஜயபுரத்துக்குக் கிழக்கே, எல்லைக் கல்லுக்கு ஆந்திரப் பக்கம் கஞ்சா மூட்டை ஏற்றிய பரணி, தமிழ்நாட்டுப் பக்கம் போய், காட்டிக்கொடுத்த லாரி டிரைவரைக் குத்திக் கொன்றான். சாம் பார்த்துவிட்டான். கஞ்சா எங்களுடையது, கொலை உங்களுடையது என்று இரண்டு ஸ்டேஷனும் கேஸைப் பங்கு பிரித்துக்கொண்டன. மறுநாள் காலையிலிருந்து ஆளும் பங்காகிவிட்டான். ஆந்திரப் போலீசுக்கு மூட்டை தூக்கிய வலது கை, தமிழ்நாட்டுப் போலீசுக்குக் கத்தி பிடித்த இடது கை. ஒரு பாதியை மட்டும் பிடித்தால் புகையாய் நழுவியது. 'ஆயுதம் இல்லை' என்று ரிப்போர்ட் எழுதியவரே தேவானந்தம்தான். ஊர்க்காரர்களுக்குப் பயத்தில் இரண்டு பாதியுமே தெரியவில்லை. "டம்ளர் காலியாவுது சார். குடிக்கறது உங்க பாதியா, அவங்க பாதியா?" என்று டீக்கடை சிட்டிபாபு கேலி செய்தான். இரு பக்கமும் கடிதங்கள் போய்வந்தன. பரணி அதைவிட வேகமாகப் போய்வந்தான். இன்னும் இரண்டு பேர் செத்தார்கள்.

சாட்சிக்கு முந்தின நாள் மத்தியானம்தான் இந்த ரத்தினம்மா தேவானந்தத்தின் ஸ்டேஷனுக்கு ஓடிவந்தாள். "கத்தியைத் தீட்டிக்கினு கொட்டாய் பக்கம் போறான் சார். எனக்கு முழு ஆளும் தெரியுது, வா." தேவானந்தம் நளினிக்குப் போன் போட்டார். "ஆர்டர் அப்புறம் வரட்டும்" என்று நளினி எல்லையைத் தாண்டி ஜீப்பை விட்டார்.

கொட்டகைக் கதவு உடைந்தது. "நைனா!" என்று சாம் கத்தினான்.

"கத்தியை ஓங்கறான் ஏட்டையா!" என்று நளினி கூவினார்.

"என் கண்ணுக்குக் கத்தியே தெரியலியே மேடம்!" தேவானந்தம் அழுதேவிட்டார்.

ரத்தினம்மா இருவர் கையையும் முன்னால் தள்ளினாள். "நீ வலது தோளைப் புடி சார். அம்மா, நீ எடது மணிக்கட்டு. ஒண்ணா புடிங்க, இப்ப!"

இரண்டு மாநிலத்து விலங்குகளும் ஒரே நேரத்தில் பூட்டின. பரணி முழுசானான். மூக்கின் நடுவே ஒரு கோடு சற்று நேரம் தெரிந்து மறைந்தது.

மகனைக் கட்டிக்கொண்டபடியே தேவானந்தம் கேட்டார்: "எங்களுக்கெல்லாம் தெரியாதவன் உனக்கு மட்டும் எப்படிம்மா முழுசா தெரிஞ்சான்?"

ரத்தினம்மா முந்தானையை இழுத்து, பரணியின் முகத்தில் அப்பியிருந்த மண்ணை இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பெத்தவளுக்கு எப்படி சார் பாதி தெரியும்?"