ஏழுக்குச் சவுக்காரம் தனி

ஓர் எண்ணின் விலை இரண்டு குலை கதலியும் ஒரு கட்டிச் சவுக்காரமும் என்றான் கனிசியஸ்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் இருபது வருடமாக நீர்வேலி வாழைக்குலை விற்கும் சீவரத்தினத்துக்குச் சிரிப்பு வந்தது. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, பொருளாதாரத் தடையால் உடுப்புத் தோய்க்கிற சவுக்காரத்தையும் நகையோடு வைத்துப் பூட்டிய காலம். அதைப்போய் கம்பஸில் கணிதம் படிக்கிற இந்தப் பொடியன் ஓர் எண்ணுக்குக் கேட்கிறான்.

ஆனால் எண் அவசரமாக வேண்டியிருந்தது. "உமக்குக் கணக்கு ஓடாது காணும்" என்று வாசல் கடைப் பஞ்சலிங்கம் நாலு பேருக்கு முன்னால் சொல்லி, அது பந்தயத்தில் முடிந்திருந்தது. பஞ்சலிங்கம் மடக்க முடியாத ஒரு கணக்கைக் காட்டினால் வாசல் இடம் சீவரத்தினத்துக்கு. தவறினால் தான் கடை போடும் மரநிழலைப் பஞ்சலிங்கத்தின் மச்சானிடம் விட்டுவிட்டுக் குப்பைமேட்டடிக்குப் போகவேண்டும்.

"எண் என்ன உன்ரை தோட்டத்திலை விளைஞ்சதே, தம்பி? ஒரு குலை தாறன். சவுக்காரத்தைப் பற்றிக் கதையாதை."

"அண்ணை, நான் குருநகர் மீன்சந்தையிலை வளர்ந்தனான். ஒரு குலைக்கு எவ்வளவு வருமோ, அவ்வளவுதான் வெட்டித் தருவன்."

"அது போதும்."

கனிசியஸ் எழுதினான்: 142857. இரண்டால் பெருக்கினான், 285714. மூன்றால், 428571. சீவரத்தினம் குலையைக் கொடுத்துவிட்டுத் தாளை மடியில் செருகினார். பாதி விலைக்கும் குறைய முடித்த சந்தோஷத்தில் காலே நிலத்தில் படவில்லை.

மறுநாள் காலை வாசலில் கூட்டம். பற்றரி இல்லாமல் கல்குலேற்றர்கள் செத்துக் கிடந்ததால், பஞ்சலிங்கம் பென்சிலால் மட்டையில் பெருக்கினார்.

"ஒற்றை இலக்கம் எதாலையும் பெருக்கிப் பாரும்" என்றார் சீவரத்தினம். "அதே ஆறு இலக்கமும் அதே வரிசையிலை தேர் மாதிரிச் சுத்தி வரும். வெளிக்கிடுற இடந்தான் வேறை."

நாலு, 571428. ஐந்து, 714285. பஞ்சலிங்கத்துக்கு வியர்த்தது. சீவரத்தினம் வாசலில் தராசு எங்கே தொங்கவேண்டும் என்று கண்ணால் அளந்தார்.

"எனக்கு ஏழரைச் சனி நடக்குது. அரை கிடக்கட்டும், ஏழாலை பெருக்குவம்" என்றார் பஞ்சலிங்கம்.

பெருக்கினார். மட்டையைத் திருப்பிக் காட்டினார்: 999999.

"எல்லாம் ஒன்பது. உம்மடை தேர் அச்சு முறிஞ்சிட்டுது காணும்."

சீவரத்தினம் நேரே கனிசியஸின் அறைக்குப் போனார். அவன் குலையின் முதல் சீப்பில் ஒரு பழத்தை உரித்துக்கொண்டிருந்தான்.

"ஏழாலை பெருக்கினால் சறுக்கும் எண்டு ஏன் சொல்லேல்லை?"

"ஒரு குலைக்கு ஆறாம் பெருக்கல் வரைக்குந்தான் வரும், அண்ணை. ஏழைப் பற்றின எச்சரிக்கை மற்றக் குலைக்கும் சவுக்காரத்துக்கும். நீங்கள்தானே வேண்டாமெண்டனீங்கள்."

காசுக்குத் தக்க நிறை. சந்தையில் சீவரத்தினமே தினம் சொல்லுகிற நியாயம் அது.

குப்பைமேட்டடியில் ஈ ஓட்டியபடி கணக்குக் கொப்பியில் பதிந்தார்:

செலவு: கதலிக் குலை 1, மரநிழல் 1.
மிச்சம்: குலை 1, சவுக்காரம் 1 கட்டி.